தளவாய்க்குப் பக்கத்தில் ஏறி வந்த ஆவணி

எங்கள் ஊரில் ஆடி இருபத்தெட்டுக்குப் பக்கத்திலேயே ஆவணி பன்னிரண்டு ஏறி வந்து உட்கார்ந்துகொண்டதற்கும், மைக் செட் தளவாய் செத்து, பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்து, அதற்கு மறுநாள் காலையில் தன் வீட்டு முன்னறையில் இடுப்பு உயரத்தில் மல்லாந்து மிதந்ததற்கும் நான்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். முழுக்க நான்தான் என்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் ஒரு வரியைப் போடாமல் வைத்தவள் நான் ஒருத்தி, அந்த வரி இல்லாமல் ஒன்பது நாள் சுகமாக இருந்தவர்கள் ஊர் முழுக்க.

என் பெயர் சண்முகவடிவு. கீழ ஆனையடி பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டு மாட்டி ஒரு கடை நடத்துகிறேன், பதினோரு வருஷமாக ஊர்ப் பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறேன். ஊர்ப் பக்கம் என்றால் இணையத்தில் எங்கள் ஊருக்கென்று இருக்கிற ஒரே ஒரு பக்கம், மும்பைக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகள் ஊர் நடப்பைத் தெரிந்துகொள்ளத் தொடங்கியது. சாவு, சடங்கு, கல்யாணம், அம்மன் கோயில் கொடை விழா, தண்ணி லாரி, பள்ளிக்கூட மார்க் எல்லாம் அதில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். ஒரு தடவை மண்டபம் யாருக்கு முதலில் என்று இரண்டு வீட்டார் மண்டையை உடைத்துக்கொண்டபோது, ஊர்ப் பக்கத்தில் எது மேலே இருக்கிறதோ அதுதான் முன்னால் நடக்கணும் என்று ஊர்க் கமிட்டி தீர்ப்புச் சொன்னது, அன்றையிலிருந்து எங்கள் ஊரில் எல்லாமே அந்த வரிசைப்படிதான். ஆட்டுக்கு ஊசி போடுகிற முகாம் மேலே இருந்ததால் ஒரு குழந்தைக்குக் காதுகுத்து மூன்று நாள் காத்துக் கிடந்தது, தாய்மாமன் கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுகளுக்குப் பின்னால் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

சாவுச் செய்திக்கு மட்டும் நான் ஒரு முறை வைத்திருந்தேன். செத்தவர் படத்தை இடப்பக்கம் ஃப்ளோட் பண்ணுவேன், அதாவது படத்தை வரிசையிலிருந்து கழற்றி இடது ஓரத்தில் மிதக்கவிடுவேன், அவரைப் பற்றிய எழுத்து அவருக்கு வலப்பக்கம் ஒடுங்கி ஓடும். எழுத்து முடிந்ததும் கிளியர் என்று ஒரு வெற்று வரி போடுவேன். இனி வருகிறது எதுவானாலும் படத்துக்குக் கீழேதான் தொடங்க வேண்டும் என்பதுதான் அந்த வரியின் வேலை, மற்றபடி அதில் ஒரு எழுத்துகூட இருக்காது. அதைப் போடாவிட்டால் கீழே இருக்கிறவர்கள், படத்துக்குப் பக்கத்தில் இடம் சும்மா கிடக்கிறதே என்று விறுவிறுவென்று மேலே ஏறி வந்து, செத்தவர் தோளோடு தோளாக நின்றுகொள்வார்கள். அதுமட்டுமில்லை, மிதக்கிற படத்தை அதைச் சுற்றியிருக்கிற கட்டம் ஆளாகவே எண்ணாது. எழுத்து எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குக் கட்டம் சுருங்கிக்கொள்ளும், படம் கட்டத்துக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு கிடக்கும்.

தளவாய்க்கு ஒரே மகள், முப்பிடாதி. தாயில்லாத பிள்ளை, அப்பாவும் மகளுமாகத்தான் அந்த வீட்டில் இருந்தார்கள். விசேஷம் முடிந்த அன்று அவள் என் கடைக்கு வந்து, அப்பா படத்தையும் மூன்று வரி எழுதிய ஒரு தாளையும் கொடுத்தாள். பெயர், வயசு, செத்த தேதி, அவ்வளவுதான்.

"என்னட்டி, உங்கப்பாவுக்கு மூணு வரிதானா? எத்தனை கொடைக்கு செட்டு போட்ட மனுசன்" என்றேன்.

"இன்னும் எழுதணும்க்கா. வரமாட்டேங்கு. பொறவு தாரேன்."

பிறகு தருகிறேன் என்று சொன்ன பிள்ளையின் செய்தியை எப்படி முடித்துவைப்பது? அதனால் கிளியர் வரியைப் போடாமல் திறந்தபடி விட்டேன். இது மறதி இல்லை, இரக்கம், ஆனால் கமிட்டியில் இதைச் சொன்னால் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்கும்போதே முப்பிடாதி வந்து நின்றாள்.

"அக்கா, அப்பா மிதக்காவ."

"எந்தப் பக்கம்?"

"எடது சொவரு ஓரமா."

"அப்போ எம்மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டு அவளோடு போனேன். தளவாய் வெள்ளைச் சட்டையோடு, இரண்டு கையையும் தலைக்குக் கீழே மடித்து வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி மிதந்துகொண்டிருந்தார். மூச்சு இல்லை, நாற்றமும் இல்லை. கமிட்டித் தலைவர் பலவேசம் அண்ணாச்சி வந்தார், தளவாய்க்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார், ஒன்றும் தட்டுப்படவில்லை என்றதும் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஆளு தொந்தரவு இல்லாமத்தான் கெடக்கான். காப்பி யாராவது போட்டியளா?" என்று கேட்டார். வந்தவர்கள் எல்லாரும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

வீடு அன்றைக்கே சுருங்கத் தொடங்கிவிட்டது. எங்கள் தெரு வடக்கே மேடு, தெற்கே பள்ளம். தளவாய் வீட்டுத் தெற்குச் சுவர் வடக்குப் பார்த்து நகர்ந்து நகர்ந்து வந்தது, முதலில் பின்கட்டை விழுங்கியது, பிறகு அடுப்படியை விழுங்கியது, முப்பிடாதி ஸ்டவ்வையும் இரண்டு சட்டியையும் முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தாள், நாலாம் நாள் சுவர் முன்னறைக்குள்ளேயே நுழைந்து தளவாயின் முழங்காலில் வந்து நின்றது. அவரை வீடு எண்ணவில்லை, அவள் ஒருத்தி உட்கார எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் வைத்துக்கொண்டது. அவர் கால்கள் இரண்டும் சுவரைத் தாண்டித் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தன, அடுத்த வீடும் அதற்கடுத்த வீடும் தெருவில் ஏறி வந்து அந்தக் கால்களுக்கு வலப்பக்கம் ஒடுங்கி நின்றன. பஸ் வலது பக்கமாக வளைந்து போகப் பழகிக்கொண்டது. பால்காரர் தூக்குவாளியைத் தளவாயின் கால் பெருவிரலில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவார், யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

அவருக்குப் பக்கத்தில் பேச்சும் ஒடுங்கியது. மேலத் தெருவிலிருந்து மகன் சண்டை, மருமகள் சண்டை, வங்கியில் நின்ற வரிசை என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு வருகிற பொம்பளைகள் தளவாய்க்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று குறைத்துக்கொள்வார்கள். "வெயிலு." "ஆமா." "சாப்டாச்சா?" "ஆச்சு." அவர் கால் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு மறுபடியும் விரிந்து ஓடும். வேண்டுமென்று செய்யவில்லை, அங்கே வார்த்தைக்கு அவ்வளவுதான் இடம்.

இதனால் ஊருக்கு நஷ்டமா என்றால் இல்லை, அதுதான் வினை. வரிசையில் கீழே கிடந்ததெல்லாம் மேலே ஏறி வந்ததால் எல்லாமே சீக்கிரம் வந்தது. எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணி லாரி இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்தது. ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழையில் பாதி ஆடியிலேயே பெய்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுதுவதற்கு முன்னால் மார்க் வந்துவிட்டது, தோற்றவர்கள் இனி எதற்குப் படிக்க வேண்டும் என்றும், தேறியவர்கள் இனி எதற்குப் படிக்க வேண்டும் என்றும் புத்தகத்தை மூடிவைத்தார்கள். அம்மன் கொடைக்குக் கால் நாட்ட நாள் நெருங்கிவிட்டது என்று பலவேசம் அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார். எனக்குத்தான் தலை சுற்றியது. எது நடந்தது, எது நடக்கப் போகிறது என்று தெரியாமல் கடையில் ஒரே விண்ணப்பத்தை இரண்டு தடவை அனுப்பினேன்.

ஆறாம் நாள் மத்தியானம் முப்பிடாதி கடைக்கு வந்தாள். வந்தவள் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் வீட்டில் முதுகை நிமிர்த்தி உட்கார இடமில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டேன்.

"அக்கா, எங்கப்பாகிட்ட எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"சொல்ல வேண்டியதானே. ஆளு அங்கனதானே கெடக்காவ."

"முடியலக்கா. எப்பப் பாத்தாலும் பக்கத்துல யாராவது நிக்காவ. தண்ணி லாரி நிக்கி, கொடைக்காரங்க நிக்காவ, ஏதாவது ஒண்ணு வந்து நிக்கி. யாரும் இல்லாத நேரம் பாத்துப் பேசுனாலும் 'அப்பா, அன்னைக்கி'ன்னு சொன்னதும் முறிஞ்சிருது. மூணு வார்த்தைக்கு மேல அங்கன எடம் இல்ல. எனக்கு மூணு வார்த்தை பத்தாது."

பிறகு அவள் சொன்னதை முழுக்க நான்தான் கேட்டேன், கேட்டிருக்க வேண்டியவர் அவர். தளவாய் செத்த அன்று இவள் திருநெல்வேலியில் ஜவுளிக் கடையில் மாமியாராகப் போகிறவளோடு கல்யாணப் பட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். போன் பைக்குள் கிடந்தது, பை ஒரு சேலைக் குவியலுக்கு அடியில் கிடந்தது. பட்டெடுத்து, டிபன் சாப்பிட்டு, பஸ் ஏறி உட்கார்ந்து போனை எடுத்துப் பார்த்தால் அப்பா ஏழு தடவை கூப்பிட்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன் கையோடு விழுந்து கிடந்தாராம்.

"நான் எடுத்திருந்தா ஆசுபத்திரிக்கிக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருப்பேம்லா? ஏழு தடவைக்கா. நான் அந்நேரம் கண்ணாடி முன்னால நின்னு தோள்ல சேலையப் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் நாள், ஆடி இருபத்தெட்டு. காலையில் எல்லா வீட்டிலும் காலண்டர் தாளைத் தூக்கிப் பார்த்தால் அடுத்த தாளில் ஆவணி பன்னிரண்டு இருந்தது. ஆவணி பன்னிரண்டு முப்பிடாதிக்கும் ஆலங்குளம் ஆவுடையப்பனுக்கும் கல்யாணம் நிச்சயித்திருந்த நாள். ஆடியில் கல்யாணம் வைக்கலாமா என்று சிலபேர் குழம்பினார்கள், வைக்கிறது ஆவணியில்தானே, ஆவணிதான் ஆடிக்குள் வந்திருக்கிறது என்று சிலபேர் விளக்கம் சொன்னார்கள், விளக்கம் கேட்டவர்கள் முன்னைவிடக் குழம்பினார்கள். பத்து மணிக்கெல்லாம் ஆவுடையப்பன் வீட்டார் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். தளவாயின் காலுக்கு வலப்பக்கம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடைத்த சந்தில் பந்தக்கால் நட்டார்கள், பந்தல் ஒரு ஆள் அகலத்துக்குமேல் விரியவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் பின்னால் ஒருவர்தான் உட்கார முடியும் என்றார் பந்தல்காரர்.

முப்பிடாதி குனிந்து வீட்டு வாசலைவிட்டு வெளியே வந்தாள். மாமியாராகப் போகிறவள் பட்டுச் சேலைப் பெட்டியை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"நாளைக்கி வேண்டாம் அத்தை."

"என்னத்துக்கு வேண்டாம்?"

"எங்கப்பாவுக்குப் பக்கத்துல ஒண்ணும் இல்லாம கொஞ்ச நாள் வேணும் எனக்கு" என்று நாலு எட்டு தள்ளி வந்து சொல்லிவிட்டு மறுபடியும் வாசலுக்கே போய் நின்றாள்.

ஆவுடையப்பனின் அம்மா பலவேசம் அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தளவாயைவிட்டு ஐந்தாறு அடி தள்ளி வந்து நின்றார், நீளமாகப் பேச அங்கேதான் இடம் இருந்தது.

"ஏ பிள்ள, நல்லா யோசிச்சிக்கோ. தேப்பன் செத்த வீட்டுல மூணு மாசத்துக்குள்ள கல்யாணத்த முடிச்சிரணும், இல்லாட்டி வருசம் திரும்பி தலைத்திவசம் கழியணும், அது நம்ம ஊரு வழக்கம். கல்யாணமே தானா ஏறி உன் வாசல்ல வந்து நிக்கி. அதப்போயி கீழ தள்ளுனா எங்கன போயி விழும்னு யாருக்குத் தெரியும்? உன் கல்யாணம் மட்டுமா போவும்? கொடையும் கீழ போவும், தண்ணி லாரியும் கீழ போவும். உன் ஒருத்திக்காக ஊரு காத்துக் கெடக்கணுமா?"

அவர் பேச்சில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை, எனக்கும் தினமும் தண்ணீர் வேண்டும்தான். ஆனால் அந்த வீட்டையும் பார்த்தேன். சுவர் தளவாயின் இடுப்புக்கு வந்துவிட்டது, தினமும் குனிந்து குனிந்து முப்பிடாதியின் முதுகே வளைந்திருந்தது.

"தள்ளிப் போச்சுன்னா எங்களால காத்திருக்க முடியாது" என்று அண்ணாச்சிக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள் ஆவுடையப்பனின் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, அவள் முகத்திலும் குழப்பம்தான் இருந்தது. "எனக்கு அடுத்தது ஒரு பொண்ணு இருக்கா தாயி. அவளுக்கும் ஒரு வரிசை இருக்குல்லா."

ஆவுடையப்பன் அதுவரை வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என்னிடம் வந்தான். "எத்தனை நாளாவும்க்கா?"

"தெரியாதுப்பா. அவரு எவ்வளவு நீளமோ அவ்வளவு."

அவன் தளவாயின் கால்களைப் பார்த்தான், முப்பிடாதியைப் பார்த்தான், என்னவோ சொல்ல வாயெடுத்து, அவள் நின்ற இடம் தளவாய்க்குப் பக்கம் என்பதால் "சரி" என்று மட்டும் சொன்னான்.

முப்பிடாதி என் கையைப் பிடித்தாள். "போடுக்கா."

நான் கடைக்கு நடந்தேன். பின்னாலேயே பலவேசம் அண்ணாச்சி வந்தார், போட்டால் ஊர்ப் பக்கத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்றார், கொடுங்க அண்ணாச்சி என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டேன். தளவாய் படம் இடது ஓரத்தில் கிடந்தது, அவருக்குப் பக்கத்தில் லாரி, மார்க், கொடை, கல்யாணம் எல்லாம் மூன்று மூன்று வார்த்தையாக நெருக்கிக்கொண்டு நின்றன. அவள் எழுதிய மூன்று வரிக்கு அடியில், அந்தக் கட்டத்துக்குள்ளேயே, ஒரு எழுத்தும் இல்லாத ஒரு வரியைப் போட்டேன். இடப்பக்கம் மிதக்கிறவர் முடிகிறவரைக்கும் இங்கே ஒன்றையும் வரவிடாதே என்று அதற்கு உத்தரவு கொடுத்தேன். சரியா தப்பா என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

தெருவில் பந்தக்கால் முதலில் சரிந்தது. பிறகு பந்தல் பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது, அதன் பின்னால் வேன், அதன் பின்னால் கையில் சேலைப் பெட்டியோடு மாமியார்க்காரி, கொடைக்கு வந்த நாற்காலிகள், லாரி, மார்க் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள், பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு, ஏன், என் கடையும் நானும் என் பின்னால் நின்ற பலவேசம் அண்ணாச்சியும்கூட, எல்லாரும் நின்றபடியே தெற்கே இறங்கிக்கொண்டே போனோம், தளவாயின் பாதம் தாண்டிய இடத்தில் வந்து நின்றோம். மேலே திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வெள்ளையாக ஒரு வெறுமை, அதற்குள் முன்னிருந்த அளவுக்கு நீண்டுவிட்ட அந்த வீடு, அதற்குள் அப்பாவும் மகளும்.

உள்ளே நடந்ததை அவளே பிற்பாடு எனக்குச் சொன்னாள். சுவர் தன் இடத்துக்குப் போனது, அடுப்படி வந்தது, பின்கட்டு வந்தது. அவள் முதுகை நிமிர்த்தி எழுந்து நின்றாள். அப்பாவுக்கு வலப்பக்கத்தில் ஒருவரும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை, வாசல் வரைக்கும் இடம் சும்மா கிடந்தது. அவள் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதல் வார்த்தையிலிருந்து தொடங்கினாள். எந்த பஸ்ஸில் போனாள், கடையில் எந்த மாடியில் ஏறினாள், பையை எங்கே வைத்தாள், எத்தனை சேலையைப் பிரித்துப் பார்த்தாள், டிபனுக்கு என்ன சாப்பிட்டாள், எதையும் விடவில்லை. நாள் கணக்கு அந்த இடத்தில் இல்லாததால் எத்தனை நாள் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது, ஊரில் நாங்கள் புரட்டாசி வரை காத்திருந்தோம். சொல்லச் சொல்ல அழுதாளாம், செத்த அன்றைக்கும் பதினாறுக்கும் அழாத அழுகையை எல்லாம் அழுதாளாம்.

"போன் பைக்குள்ள கெடந்துச்சுப்பா. நீ நெஞ்சு வலிக்கின்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்க. நான் எடுக்கல. நான் எடுக்காமத்தான் நீ போயிட்ட."

அதைச் சொல்லி முடித்ததும் தளவாய் தலைக்குக் கீழே இருந்த கையை எடுத்து, தலையைத் திருப்பி, அவளைப் பார்த்தார்.

"ஏட்டி, அப்ப வலி ஒண்ணும் இல்ல. என்ன கலரு எடுத்தன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். ஏழு தடவை கூப்பிட்டேன், எடுக்கவே மாட்டேங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அரக்குப்பா. பச்சைக் கரை."

"நல்லா இருக்கும்" என்றார் தளவாய். சொல்லிவிட்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்து, ஒரு காலையும் பிறகு மற்றக் காலையும் தரையில் ஊன்றி நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் வழியாக வெளியே போனார்.